வீங்கிய காலும் சீனி வருத்தமும்: நிணநீர் வீக்கத்துக்கான இயன்மருத்துவம், படிப்படியாக

ஒரு மாரிகாலக் காலை. வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு என் இயன்மருத்துவ (பிசியோதெரபி) அறைக்குள் வந்தார். இடது காலில் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பழுப்பு நிறக் கிரேப் பண்டேஜ். பாமசியில் வாங்கி வீட்டிலேயே கட்டியது. மூன்று நாளாக அவிழ்க்கவில்லை. சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக்கொண்டு போனேன். கடைசிச் சுற்று தோலோடு ஒட்டியிருந்தது. நீர் விட்டு நனைத்து எடுத்தபோது, கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. “வலிக்கவில்லையா அம்மா?” என்று கேட்டேன். “இல்லையே மகள். இறுக்கிக் கட்டினால்தானே வீக்கம் வற்றும்?” என்றார்.

அவருக்குப் பதினான்கு வருடமாகச் சீனி வருத்தம். பிரஷருக்கும் கொலஸ்ரோலுக்கும் தனித்தனியே குளிசை. பாத நரம்புகள் மரத்துப்போயிருந்தன. அதனால்தான் வலி தெரியவில்லை. நிணநீர் வீக்கத்துக்குக் கட்டுப் போடுவதுதான் சிகிச்சையின் நடுத்தூண், அதில் சந்தேகமில்லை. ஆனால் சீனி, பிரஷர், தொப்பை, கொழுப்பு எல்லாம் ஒன்றுகூடிய உடலில் அதே கட்டு புண்ணாகி, புண் அழுகி, காலையே கேட்கும் நிலை வரலாம். காலை மட்டும் தனியே பார்க்க முடியாது. முழு உடம்பையும் பார்த்த பிறகே காலைத் தொட வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த இரண்டு நோயையும் ஒன்றாகச் சுமப்பவர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன்.

இது எந்த வீக்கம்?

குருதிக் குழாய்களிலிருந்து கசியும் நீரும் புரதமும் இழையங்களுக்கிடையே தேங்காமல் அள்ளிக்கொண்டு போய்க் கழுத்தடியில் மீண்டும் குருதியில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. வயல் வாய்க்கால் தூர்ந்தால் வரம்புக்குள் நீர் நிற்பதைப் போல, அந்தக் குழாய்கள் பழுதானாலோ நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டாலோ நீர் தேங்குகிறது. தேங்கிய நீரில் புரதம் இருப்பதால் நாளடைவில் தோல் தடிக்கிறது, நார் படர்கிறது, கொழுப்பும் படிகிறது. ஆரம்பத்தில் இரவு காலை உயர்த்தி வைத்தால் வற்றும் வீக்கம் பின்னர் வற்றாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. பெருவிரலுக்கு அடுத்த கால்விரலின் அடியில், மேற்பக்கத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மெல்லிய மடிப்பாகத் தூக்க முடிந்தால் நல்லது. தோல் தடித்துக் கிள்ளவே வரவில்லையென்றால் நிணநீர் வீக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். தூக்க முடிந்தாலும் வீக்கம் இல்லையென்று அடித்துச் சொல்ல முடியாது. ஆரம்ப நிலையில் இந்தச் சோதனை பிழையாகலாம்.

எங்கள் பக்கத்தில் கால் பருத்தவுடன் “யானைக்கால்” என்று அயலார் சொல்லிவிடுகிறார்கள். கேட்கும் நெஞ்சு நொந்துபோகிறது. யானைக்கால் நோய் இலங்கையில் மேல், தென், வடமேல் மாகாணங்களில்தான் வேரூன்றியிருந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கிவிட்டதாக 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கிழக்கில் ஒருவருக்குக் கால் வீங்கினால் உடற்பருமன், நாளக் குருதித் தேக்கம், திரும்பத் திரும்ப வந்த தோல் கிருமித்தொற்று, புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை ஆகியவற்றையே முதலில் நினைக்க வேண்டும். இப்படி வந்த வீக்கம் நுளம்பு கொடுத்த நோயுமல்ல, தொட்டால் தொற்றுவதுமல்ல. அதை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

இரண்டு காலும் சமமாகப் பருத்து, பாதம் மட்டும் மெலிந்திருந்து, தொட்டால் வலித்து, இலேசில் கன்றிப்போனால் அது கொழுப்பு வீக்கம் என்ற வேறொரு நிலை. பெண்களுக்கே பெரும்பாலும் வரும். அதற்கான வழி கொஞ்சம் வேறு.

தொப்பைக்கும் காலுக்கும் என்ன தொடர்பு?

தொப்பை, சீனி, பிரஷர், கொழுப்பு எல்லாம் ஒன்றுகூடிய நிலையை அனுசேபக் கூட்டறிகுறி என்கிறோம். அது ஒரு தனி நோயின் பெயரல்ல. ஐந்தில் மூன்று சேர்ந்தால் அப்படிச் சொல்கிறோம். தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணில் 90 செ.மீ., பெண்ணில் 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். குருதி அமுக்கம் 130/85 அல்லது அதற்கு மேல். வெறுவயிற்றுச் சீனி 100 மி.கி. அல்லது அதற்கு மேல். டிரைகிளிசரைட்டு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொலஸ்ரோல் ஆணில் 40 க்கும் பெண்ணில் 50 க்கும் கீழ். ஏற்கனவே இவற்றுக்குக் குளிசை போடுபவரும் அந்தக் கணக்கில் சேர்வார்.

வயிற்றுக் கொழுப்பு அரையிடுக்கில் அழுத்தி, காலிலிருந்து மேலேறும் நிணநீரை மறிக்கிறது. கொழுப்பு இழையம் ஓயாமல் மூட்டிவிடும் அழற்சி நிணநீர்க் குழாய்களைக் கசியச் செய்து, அவை தாமாகச் சுருங்கித் தள்ளும் வலுவைக் குறைக்கிறது. நிணநீர் தேங்கிய இடத்தில் மேலும் கொழுப்பு படிகிறது. சீனி கூடிய உடலில் கிருமித்தொற்று இலேசில் வருகிறது. ஒவ்வொரு தொற்றும் இன்னும் சில குழாய்களைத் தின்றுவிடுகிறது. ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் சுழல் இது. கால் கனத்தால் நடை குறைகிறது. நடை குறைந்தால் சீனி ஏறுகிறது.

முதலாம் படி: கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என்னிடம் வருபவர்களுக்கு முதல் நாளில் கட்டுப் போடாமல் அனுப்பினால் சிலர் மனம் சலிக்கிறார்கள். பொத்துவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவருக்கு அந்தச் சலிப்பு நியாயமானது. ஆனாலும் இந்தப் படியைத் தாண்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

முதலில் நாடிக் குருதி. காலுக்குப் போதிய குருதி போகிறதா என்பதைக் கணுக்கால் அமுக்கத்தைக் கை அமுக்கத்தால் வகுத்துப் பார்க்கிறோம். குருதியோட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் சிறிய டொப்ளர் கருவி ஒன்று போதும். கையில் 140, கணுக்காலில் 126 என்றால் விடை 0.9. இதைத்தான் நாடி அளவு என்கிறேன். அந்த அளவில் வழமையான அழுத்தக் கட்டுப் போடலாம். 0.8 க்குக் கீழே போனால் அழுத்தத்தைக் குறைத்து, குருதிக்குழாய் வைத்தியரின் பார்வையில் மட்டுமே போட வேண்டும். 0.5 க்குக் கீழே கட்டே கூடாது. சீனி நோயாளரிடம் இன்னொரு பொறி இருக்கிறது. நீண்டகாலச் சீனியால் நாடிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துப்போனால், கருவி 1.3 க்கு மேல் காட்டும். “அருமையான குருதியோட்டம்” என்று ஏமாந்துவிடக்கூடாது. அப்படிப்பட்டவருக்குக் கால்விரல் அமுக்கத்தையோ குருதிக்குழாய் ஸ்கானையோ பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது நரம்பு. 10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு “இப்போது தொட்டேனா?” என்றால் தெரிய வேண்டும். தெரியாதவருக்குக் கட்டு இறுகியது தெரியாது, சுருக்கம் விழுந்து தோலை அறுத்தது தெரியாது. அவருக்குக் கட்டுப் போடக்கூடாது என்பதல்ல. அவரது உணர்ச்சிக்குப் பதிலாக வேறொருவருடைய கண் வேலை செய்ய வேண்டும்.

மூன்றாவது இருதயமும் சிறுநீரகமும். படுத்தால் மூச்சுத் திணறுகிறதா? இரண்டு தலையணை வைத்தால்தான் நித்திரை வருகிறதா? காலை எழும்போது முகம் வீங்கியிருக்கிறதா? சிறுநீர் நுரைக்கிறதா? இவற்றில் எது இருந்தாலும் முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத இருதயப் பலவீனத்தில் காலிலுள்ள நீரைப் பிழிந்து மேலே அனுப்பினால், அது நுரையீரலில் போய் நிற்கும்.

நான்காவது குளிசைப் பை. கிளினிக் பையை அப்படியே கொண்டுவாருங்கள். பிரஷருக்குத் தரும் அம்லோடிப்பின், நிபெடிப்பின். சீனிக்குத் தரும் பயோகிளிட்டசோன். மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோபினாக் போன்றவை. நரம்பு எரிவுக்குத் தரும் பிரிகபலின் ஆகியன கால் வீக்கத்தைக் கூட்டக்கூடியவை. மருந்தை மாற்றியதும் பாதி வீக்கம் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தானாக நிறுத்தாதீர்கள்; வைத்தியரிடம் கேட்டு மாற்றுங்கள். அதேபோல் “நீர்க்குளிசை” நிணநீர் வீக்கத்துக்கு மருந்தல்ல. அது நீரை இழுத்துவிடும், புரதத்தை விட்டுவிடும். சில நாளில் புரதம் மீண்டும் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். இருதயத்துக்கோ பிரஷருக்கோ தந்திருந்தால் அது வேறு விடயம், தொடருங்கள்.

இரண்டாம் படி: அளந்து எழுதுதல்

ஒரு தையல் நாடா, ஒரு பேனை, ஒரு கொப்பி. காலையில் கட்டிலிலிருந்து இறங்குமுன், குதிக்காலிலிருந்து ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்திலும் சுற்றளவை எடுத்து எழுதுங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. இரண்டு காலையும் அளங்கள். ஒரே இடத்தில் இரண்டு காலுக்கும் 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டியது.

கனவளவாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு கணக்கு: அடுத்தடுத்த இரண்டு சுற்றளவுகளை எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கத்தையும், இரண்டின் பெருக்கத்தையும் கூட்டி, இடைவெளி உயரத்தால் பெருக்கி, 37.7 ஆல் வகுக்க வேண்டும். 36 உம் 40 உம் என்றால் 1296, 1600, 1440, கூட்டினால் 4336, 10 ஆல் பெருக்கி 37.7 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1150 மில்லி லீற்றர். ஓ.எல். படிக்கும் பேரப்பிள்ளையிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருவார். வாரத்துக்கொரு முறை காலும் இடுப்பும் நிறையும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டால், மூன்றும் சேர்ந்து இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கொப்பியே உங்களை விடாமல் நடக்க வைக்கும்.

மூன்றாம் படி: தோல்

தோல் காப்பு சின்ன வேலை என்று நினைப்பவர்களே அதிகம். என் அனுபவத்தில் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போவதும் போகாததும் இங்கேதான் தீர்மானமாகிறது.

தினமும் மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். பிறகு வாசனையில்லாத கிரீம் அல்லது கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசலாம். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். அங்கே ஈரம் நின்றால் பூஞ்சணம் வரும், பூஞ்சணம் வெடித்த கீறலால் பற்றீரியா உள்ளே போகும். சேற்றுப்புண் தெரிந்தவுடன் பூஞ்சணக் கிரீம் போட்டு முழுமையாக ஆற்றிவிடுங்கள். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் இருந்து வருபவர்களிடம் வுழூவுக்குப் (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல்) பிறகு விரலிடுக்கைத் துடைக்கிறீர்களா என்று தவறாமல் கேட்பேன். நாளுக்கு ஐந்து தடவை கால் நனைகிறது. ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. கட்டுப் போட்டிருக்கும் நாட்களில் கட்டின்மேல் ஈரக்கையால் தடவுவது பற்றி உங்கள் மௌலவியிடம் கேட்டு அறியுங்கள். அதற்காகக் கட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டாதீர்கள்.

வயலில் இறங்கும்போது நீர்புகாத சப்பாத்து கட்டாயம். சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் மட்டுமல்ல, சீனி நோயாளரையே தேடித் தாக்கும் மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான கிருமித்தொற்றும் காயத்தின் வழியே ஏறக்கூடும். நகத்தை நேராக வெட்டுங்கள். சுடுநீரில் காலை வைக்குமுன் முழங்கையால் சூடு பாருங்கள்.

ஒன்றை மனம் கனத்துத்தான் சொல்கிறேன். கதிர்காமப் பாதயாத்திரையும் பாண்டிருப்புத் தீமிதிப்பும் எங்கள் உயிரோடு கலந்தவை. ஆனால் உணர்ச்சியிழந்த, வீங்கிய காலோடு வெறுங்காலில் காட்டுவழி நடப்பதையும் தணலில் இறங்குவதையும் தயவுசெய்து தவிருங்கள். நேர்த்தியை வேறு விதமாக நிறைவேற்றப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்தத் தெய்வமும் உங்கள் காலைக் கேட்காது.

நான்காம் படி: நிணநீர் வடிக்கும் மென்தடவல்

1930 களில் பிரான்சில் வேலைசெய்த டென்மார்க்கு நாட்டு வொடர் தம்பதியினர் வகுத்த முறை இது. பிற்காலத்தில் ஜெர்மனியில் மைக்கல் போல்டி என்ற வைத்தியர் இதனுடன் கட்டு, உடற்பயிற்சி, தோல் காப்பு ஆகியவற்றைச் சேர்த்து முழுச் சிகிச்சையாக்கினார். எண்ணெய் போட்டு உருவிப் பிசையும் நம்மூர் வைத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிணநீர்க் குழாய்களின் தொடக்கம் தோலுக்குச் சற்றுக் கீழே, சிலந்திநூல் போல் மெல்லியது. பலமாகப் பிசைந்தால் நசுங்கிவிடும். உள்ளங்கையைத் தோலில் வைத்து, தோலை மட்டும் மெதுவாக ஒரு பக்கம் இழுத்து விட வேண்டும், தசை அசையக்கூடாது. சிவந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

வரிசை முக்கியம். வாய்க்காலைத் துப்புரவாக்குபவர் நீர் போய்ச் சேரும் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார், இங்கும் அப்படியே. மல்லாந்து படுத்து, வயிறு உயர மூச்சை இழுத்து, மெதுவாக விடுங்கள், ஐந்து தடவை. நெஞ்சுக்கூட்டு அமுக்கம் மாறும்போது நடு நிணநீர்க் குழாயிலுள்ள நீர் மேலே தள்ளப்படுகிறது. அடுத்து காறையெலும்புக்கு மேலுள்ள குழியில் விரல்களை வைத்து ஏழெட்டு மென்மையான இழுப்பு. தைரொயிட் மிகைப்பு, ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, கழுத்து நாடியில் அடைப்பு உள்ளவர்கள் கழுத்தை விட்டுவிடுங்கள். பிறகு அரையிடுக்கு, பிறகு தொடையின் மேற்பகுதி, தொடையின் கீழ்ப்பகுதி, முழங்கால் மடிப்பின் பின்புறம், கெண்டைக்கால், கணுக்கால், பாதம். காலில் எந்த இடத்திலும் இழுப்பு மேல்நோக்கியே. பாதம்வரை வந்ததும் அதே வழியில் மேலே திரும்புங்கள். மொத்தம் இருபது நிமிடம் போதும்.

புற்றுநோய்க்காக அரையிடுக்குக் கணுக்கள் எடுக்கப்பட்டவர்களுக்கோ அங்கே கதிர்வீச்சுக் கொடுக்கப்பட்டவர்களுக்கோ நிணநீரை அரையிடுக்குக்குத் தள்ளி என்ன பயன்? அவர்களுக்கு இடுப்பின் பக்கவாட்டால் அதே பக்க அக்குளுக்குத் திருப்ப வேண்டும். அந்த வழியை இயன்மருத்துவர் கைபிடித்துக் காட்டிய பிறகே செய்யுங்கள்.

தொப்பை பெரிதாக இருப்பவரால் தன் கெண்டைக்காலையே எட்ட முடியாது. அப்படியானால் வீட்டில் ஒருவர் பழக வேண்டும். எட்டும் இடம்வரை மட்டும் செய்தாலும், மூச்சுப் பயிற்சியும் அரையிடுக்கும் தொடையும் சேர்ந்து கணிசமான வேலை செய்துவிடும்.

ஐந்தாம் படி: கட்டு, பிறகு காலுறை

தீவிர கட்டம் இரண்டு முதல் நான்கு வாரம். பயிற்சி பெற்ற இயன்மருத்துவர் தினமும் கட்டுவார். பாமசியில் கிடைக்கும் கிரேப் பண்டேஜ் நன்றாக இழுபடும் வகை. ஓய்வில் இருக்கும்போதும் இறுக்கிக்கொண்டே இருக்கும். படுக்கும்போது அதுதான் ஆபத்து. நிணநீர் வீக்கத்துக்கு வேண்டியது குறைந்தளவே இழுபடும் பருத்திக் கட்டு. ஓய்வில் இலேசாக இருக்கும். நடக்கும்போது தசை புடைத்து அதில் மோத, உள்ளிருக்கும் நீர் பிழியப்படும். இந்தக் கட்டு நடப்பவருக்கே வேலை செய்யும், சாய்வுக் கதிரையில் கிடப்பவருக்கு அல்ல.

முதலில் பருத்திக் குழாய்த்துணி. அதன் மேல் விரல்களுக்கு மெல்லிய கட்டு. பிறகு பஞ்சுறை அல்லது நுரைத்தகடு. அதற்கு மேலேதான் கட்டுகள், பாதத்துக்கு ஒடுங்கியது, மேலே போகப் போக அகன்றது. ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் பாதியை மூட வேண்டும். கணுக்காலில் அழுத்தம் கூடவும் மேலே குறையவும் வேண்டும். தலைகீழானால் பாதம் பலூனாகிவிடும். உணர்ச்சியிழந்த காலில் கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்புக்கும் கணுக்கால் மொழிகளுக்கும் பஞ்சை இரட்டிப்பாக வையுங்கள். அந்த வாழைச்சேனை அம்மாவின் கொப்புளம் வந்த இடம் அதுதான்.

கட்டியபின் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து விரல் நுனியை அழுத்தி விடுங்கள். வெளிறிய இடம் இரண்டு, மூன்று செக்கனில் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். விரல் நீலமானாலோ குளிர்ந்தாலோ விறைத்தாலோ புது வலி வந்தாலோ, இரவு இரண்டு மணியானாலும் அவிழ்த்துவிடுங்கள். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்தவரின் விரலை வீட்டில் ஒருவர் நாளுக்கு நான்கு தடவை பார்க்க வேண்டும்.

கால் வற்றியதும், வற்றிய அளவுக்கு அழுத்தக் காலுறை. காலையில், வீக்கம் குறைந்த நேரத்தில் அளவெடுங்கள். முதல் வகுப்புக் காலுறை ஏறத்தாழ 18 முதல் 21, இரண்டாம் வகுப்பு 23 முதல் 32 மி.மீ. பாதரச அழுத்தம் கொடுக்கும். கூடியது நல்லது என்று நினைத்து வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியதைப் போடாதீர்கள்; உங்கள் நாடி அளவைப் பார்த்துத்தான் வகுப்பு. காலை எழுந்ததும் போட்டு, படுக்குமுன் கழற்றி, கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். தினம் போட்டால் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும்; இரண்டு சோடி வைத்து மாற்றுவது சிக்கனம்.

ஏப்ரல் வெயிலில் காலுறை போடச் சொல்வது கொடுமை என்று எனக்குத் தெரியும். வியர்த்து அரித்து மூன்றாம் நாளே கழற்றி எறிந்தவர்கள் பலர். நீர் தெளித்து நனைத்துக் காற்றாடியடியில் இருக்கலாம். வெயில் ஏறுமுன் வெளிவேலைகளை முடிக்கலாம். குனிய முடியாதவர்களுக்கும் விரல் மூட்டுத் தேய்ந்தவர்களுக்கும் ஒட்டுப்பட்டிகளால் இறுக்கும் உறை இருக்கிறது. விலை கூட, ஆனால் தானே போட்டுத் தானே தளர்த்தலாம் என்பதால் நான் பலருக்கும் அதையே சொல்கிறேன். பெட்டியில் கிடக்கும் சிறந்த காலுறையைவிடக் காலில் இருக்கும் சுமாரான உறை மேல்.

ஆறாம் படி: அசைவு

கட்டோ காலுறையோ போட்டபடிதான் பயிற்சி. கதிரையில் இருந்து பாதத்தை மேலும் கீழும் 20 தடவை. முழங்காலை நீட்டி மடக்க 15. இருந்த இடத்திலேயே நடைபோடுவது போல் தொடையைத் தூக்க 15. எழுந்து குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்க 10. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார 8. முன்னும் பின்னும் வயிற்று மூச்சு. மருதமுனையில் தறியில் மணிக்கணக்காக இருப்பவர்கள் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை எழுந்து பாதப் பயிற்சியை மட்டுமாவது செய்யுங்கள்.

நடையை உணவுக்குப் பிறகு பத்து நிமிடமாகத் தொடங்குங்கள். அந்த நேரத்து நடை சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனியையும் பிடிக்கும், கெண்டைக்கால் பம்பையும் ஓட்டும். வாரத்துக்கு 150 நிமிடத்தை எட்ட மூன்று மாதம் எடுத்தாலும் பரவாயில்லை. கல்லடிப் பழைய பாலத்தில் மாலைக் காற்றில் நடப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. முழங்கால் வலியால் நடக்க முடியாதவர்களுக்குப் பாசிக்குடாவின் ஆழமற்ற அமைதியான கடல் ஒரு வரம். இடுப்பளவு நீரில் நடந்தால் நீரின் அழுத்தமே கட்டாகிறது, நிறையும் மூட்டில் விழாது. ஆறாத புண் இருந்தால் மட்டும் கடலும் களப்பும் வேண்டாம். சுடுமணலில் செருப்பைக் கழற்றாதீர்கள். உணர்ச்சியிழந்த பாதம் வெந்துபோன பிறகுதான் தெரியும்.

இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன் சீனியைப் பாருங்கள். 100 க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். 250 க்கு மேல் இருந்து உடம்பும் சுகமில்லையென்றால் அன்று பயிற்சி வேண்டாம். ஓய்வாக இருக்கும்போதே பிரஷர் 180/110 க்கு மேல் என்றாலும் அப்படியே. சட்டைப் பையில் சீனியோ இனிப்போ இருக்கட்டும். நோன்பு காலத்தில் பயிற்சியை இப்தாருக்குப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

கையில் வீக்கம் வந்தவர்களுக்கு

மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கை வீங்கியவர்களுக்கும் அடிப்படை இதேதான். முன்பு பாரம் தூக்காதே என்று பயமுறுத்துவார்கள். 2009 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மேற்பார்வையில் மெதுமெதுவாகக் கூட்டப்படும் பளுப் பயிற்சி வீக்கத்தைக் கூட்டவில்லை என்று காட்டியது. அரைக் கிலோவில் தொடங்கி, கை கனக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஏறலாம்.

சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால், விரல் குத்திச் சீனி பார்ப்பது எப்போதும் மற்றக் கையில். குருதி எடுப்பதும் பிரஷர் பார்ப்பதும் இயன்றவரை மற்றக் கையில். இன்சுலின் வயிற்றில். கால் வீங்கியவர்கள் அந்தத் தொடையில் ஊசி போட வேண்டாம். இதைக் கிளினிக்கில் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நெரிசலில் தாதியருக்கு ஒவ்வொருவரின் கதையும் தெரிந்திருக்காது.

ஏழாம் படி: சாப்பாடும் நித்திரையும்

நிறையில் பத்தில் ஒரு பங்கு இறங்கினாலே சீனியும் பிரஷரும் இறங்கும், அரையிடுக்கிலுள்ள அழுத்தமும் குறையும். பட்டினி வேண்டாம். கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால்வாசிக்கு மீனோ பருப்போ முட்டையோ, மிச்சக் கால்வாசிக்குச் சிவப்பரிசிச் சோறு அல்லது குரக்கன் பிட்டு. மீனுக்குப் பஞ்சமில்லாத ஊர் எங்களுடையது. ஆனால் கருவாட்டில் உப்பு மிக அதிகம், அதைக் குறையுங்கள். எருமைத் தயிர் கொழுப்பு மிகுந்தது; சிறு கரண்டி போதும், பாணியில்லாமல். தேநீரில் சீனியை வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். புரதத்தை மட்டும் குறைக்காதீர்கள். வீக்கத்தில் இருக்கும் புரதம் சாப்பாட்டால் வந்ததல்ல.

கதிரையில் காலைத் தொங்கவிட்டபடி நித்திரை கொள்பவர்களின் கால் ஒருபோதும் வற்றாது. கட்டிலில் படுங்கள். கால்மாட்டில் கட்டிலின் இரு கால்களுக்கும் ஒவ்வொரு செங்கல் வைக்கலாம், மூச்சுத் திணறல் இல்லாதவர்கள் மட்டும். பலத்த குறட்டையும் பகல் நித்திரையும் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். நித்திரையில் மூச்சு நிற்பதும் கால் வீங்கக் காரணமாகும்.

உடனே போக வேண்டிய நேரம்

கால் திடீரெனச் சிவந்து, சுட்டு, குளிரும் காய்ச்சலும் வந்தால் அது தோலடிக் கிருமித்தொற்று. தடவலையும் கட்டையும் நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். சீனி நோயாளருக்கு ஓர் இரவு தாமதமும் கூடாது. வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் வந்தால், திரும்ப வராமல் தடுக்கும் மருந்து பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு கால் மட்டும் ஒரே நாளில் வீங்கிக் கெண்டையில் வலித்தால் நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம். அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ ஒரு நிமிடமும் பொறுக்காதீர்கள், 1990 ஐ அழையுங்கள். கறுத்துப்போன விரலும் நாற்றமெடுக்கும் புண்ணும் அதே அவசரம்தான்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனையின் அரச வைத்தியசாலைகளிலும் காட்டலாம். சீனிக் கிளினிக்கில் உங்கள் முறை வரும்போது “கால் வீக்கத்துக்கு இயன்மருத்துவப் பிரிவுக்கு ஒரு கடிதம் தாருங்கள்” என்று கேளுங்கள். போகும் நாளில் குளிசைப் பை, கால் அளவு எழுதிய கொப்பி, சீனி எழுதிய அட்டை, இப்போது போடும் காலுறை ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் கட்டுப் போட்டுவிடுபவரையும் கூட்டிச் செல்லுங்கள். வாழைச்சேனை அம்மா அடுத்த முறை மகனோடு மருமகளையும் அழைத்து வந்தார். புண் ஆறி, நாடி அளவும் சரியென்று தெரிந்த பிறகு, மருமகளின் கையிலேயே முதல் கட்டைக் கொடுத்தேன். அவர் சுற்றச் சுற்ற, அம்மா தன் விரல் நுனியைத் தானே அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.